காட்டிலே ஒரு பஞ்சாங்கம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். நெல் அறுவடையாகிக் களம் நிறைந்து, கையில் நாலு காசு புரளும் காலம் அது. கல்யாணம் பேசலாம், கடனை அடைக்கலாம், கூரையை மாற்றலாம். தை என்கிற ஒற்றை எழுத்துக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கிறது. இந்த வார்த்தையை ஒரு குடியானவன் தன் மூட்டையில் கட்டிக்கொண்டு கப்பலேறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் போய்ச் சேருகிற தேசத்தில் தை மாதத்தில் அடைமழை பெய்கிறது. மரத்தில் காய் பழுக்க இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது. கூலி கைக்கு வரவில்லை. அப்போது அந்த ஒற்றை எழுத்தை அவன் என்ன செய்வான்? பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டுவானா? வெளியே எறிந்துவிடுவானா? அல்லது அதற்குப் புதிதாக ஒரு பொருள் தேடுவானா?

வேடிக்கைக்காக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியக் குடியானவர்கள் பிரேஸில் தேசத்துக் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவர்களில் கவிதை எழுதுகிறவர்களும் இருந்தார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினைக்கு அடுத்தபடியான பிரச்சினையாக இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஹைக்கூ என்பது மிகச் சின்னப் பாட்டு. ஐந்து, ஏழு, ஐந்து என்று மொத்தம் பதினேழு ஒலிகள். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். இவ்வளவு சிறிய இடத்துக்குள் ஓர் உலகத்தை அடக்க வேண்டுமானால் அதற்கு ஒரு உபாயம் வேண்டும். அந்த உபாயந்தான் பருவச் சொல். மரபுப்படி எழுதுகிற ஒவ்வொரு ஹைக்கூவிலும் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும். தவளை என்றால் வசந்தம். சில்வண்டு என்றால் கோடை. சும்மா சந்திரன் என்று சொன்னாலே அது இலையுதிர் காலத்துச் சந்திரன்தான். இந்தச் சொற்களையெல்லாம் பருவவாரியாகத் தொகுத்து, உதாரணப் பாட்டுகளோடு அச்சிட்ட நூல்கள் ஜப்பானில் பல உண்டு. கவிஞர்களின் பஞ்சாங்கம் என்று அவற்றைச் சொல்லலாம்.

நமக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. முல்லைக்குக் கார்காலம். கார் என்று புலவன் வாயைத் திறந்தாலே, பிரிந்து போனவன் திரும்பி வரவேண்டிய நாள் வந்துவிட்டது என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மேகம், இடி, முல்லைப்பூ, காத்திருக்கும் பெண் எல்லாம் ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஜப்பானியன் செய்ததும் இதுவே. 1916-ஆம் ஆண்டிலேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அதன் சொற்சுருக்கத்தை வியந்திருக்கிறார். உறவு தெரிந்துதான் வியந்தாரோ என்னவோ.

ஆனால் இந்த உபாயத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பருவச் சொல் என்பது ஒரு குறிப்பிட்ட மண்ணின் ஞாபகம். அந்த மண்ணை விட்டு மனிதன் பெயர்ந்தால் சொல் பொய்யாகிப் போகும். அந்தச் சொல்லால்தான் அவன் உலகத்தையே பார்த்துப் பழகியிருந்தால், அவன் கண்ணும் பொய்யாகிப் போகும்.

இனிக் கப்பலுக்கு வருவோம்.

பிரேஸிலில் 1888-ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் இத்தாலியர்கள் போனார்கள். தோட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு, பிறர் கொடுக்கும் கப்பல் செலவில் அங்கே ஆள் போவதை 1902-ஆம் ஆண்டு இத்தாலிய சர்க்கார் தடுத்தது. அதே சமயத்தில் ஜப்பானியக் கூலிகளுக்கு அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆள் இல்லாத தோட்டம். இன்னொரு பக்கம் போக இடமில்லாத ஆள். இரண்டும் சேர்ந்தன. 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கோபே துறைமுகத்திலிருந்து கஸாட்டோ மாரு என்ற கப்பல் 781 ஒப்பந்தக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஜூன் 18-ந் தேதி ஸாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது.

அவர்களோடு குடியேற்றக் கம்பெனியின் பிரதிநிதியாக உவெட்சுக்கா ஷூஹெய் என்பவர் வந்தார். ஹைக்கூ எழுதுகிறவர். கப்பல் கரை சேர்ந்த சமயத்தில் அவர் இயற்றிய பாட்டே பிரேஸிலில் பிறந்த முதல் ஹைக்கூ என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள். அந்தப் பாட்டில் நீர் வற்றிய அருவி ஒன்று வருகிறது. சாதாரண வர்ணனைதானே என்று தோன்றும். ஆனால் கவனியுங்கள். ஜூன் மாதம் ஜப்பானில் மழை கொட்டுகிற காலம், பஞ்சாங்கப்படி கோடை. வற்றிய அருவியோ குளிர்காலத்துச் சொல். பூமியின் தென்பாதியில் ஜூன் மாதம் குளிர்காலம் அல்லவா? அவர் தம் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை; எதிரே நின்ற மலையைப் பார்த்தார். கரையில் கால் வைக்கும்போதே ஒரு மனிதருக்கு இது கைவந்தது என்றால் அதைச் சின்னக் காரியமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் அது அவ்வளவு சுலபமாகக் கைவரவில்லை. பழைய கண்ணோடு புதிய நிலத்தைப் பார்த்தால் பாட்டு மட்டுமா கெடும்? உயிரே போகும். அதற்கு ஒரு சம்பவம் உண்டு.

வந்தவர்கள் எல்லோருமே நாலைந்து வருஷம் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகத்தான் வந்தார்கள். தோட்டத்துக் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே காணவில்லை. பலர் ஒப்பந்தத்தை உதறிவிட்டு வெளியேறினார்கள். சொந்தத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, ஸான் பாவுலோ மாகாணத்தின் மேற்கே இருந்த காட்டுக்குள் நுழைந்தார்கள். 1915-ஆம் ஆண்டு ஹிரானோ உன்பெய் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் போயிற்று. நெல் விளைவித்து வளர்ந்த ஜனங்கள் அவர்கள். ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு வயல் என்று பட்டது. தண்ணீர் நிற்கிற இடம் பாக்கியம் பண்ணின இடம் என்பது அவர்கள் ஊர் அறிவு. நம் ஊர் அறிவுங்கூட. அங்கேயே குடிசை போட்டார்கள். மழை பெய்தது, கொசு பெருகிற்று. சில மாதங்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மலேரியாவில் மாண்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கரை சேர்க்கப் பாடுபட்ட ஹிரானோவும் 1919-ஆம் ஆண்டு இளம் வயதிலேயே காலமானார்.

தண்ணீர் என்ற ஒரே சொல்தான். ஜப்பானில் அதற்குச் சோறு என்று அர்த்தம். இந்தக் காட்டிலே சாவு என்று அர்த்தம்.

அந்தக் காட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உஷ்ணப் பிரதேசத்துக் காடு என்றாலே வருஷம் முழுவதும் ஒரே பச்சையாக, ஒரே வெக்கையாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது தூரத்திலிருந்து பார்க்கிறவன் எண்ணம். மேற்கு ஸான் பாவுலோவின் காட்டில் குளிர்மாதங்கள் வறட்சியான மாதங்கள். அப்போது உயர்ந்த மரங்களில் ஒரு பகுதி இலையை உதிர்த்துவிடும். பெரோபா என்ற மரம் கோயில் தூண்போல் நெடுநெடுவென்று நிற்கும். இன்னொரு மரத்தைக் கீறினால் பூண்டு நாற்றம் அடிக்கும்; அந்த நாட்டார் அதைப் பூண்டு மரம் என்றே அழைத்தார்கள். அது நிற்கிற இடத்தில் மண் வளமானது என்பது காடு திருத்துகிறவர்களின் கணக்கு. மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். மரத்தை மோந்து பார்த்தால் போதும். இதையெல்லாம் வந்தவர்கள் மெள்ள மெள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

காடு ஆளற்றுக் கிடந்தது என்றும் நினைக்கக் கூடாது. காயிங்காங் என்ற பழங்குடியினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1905-ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் நிலத்தின் ஊடே ரயில் பாதை போட்டார்கள். இரண்டு பக்கமும் ரத்தம் சிந்திற்று. 1912-ஆம் ஆண்டு சர்க்கார் அவர்களைச் சமாதானப்படுத்தியதாக ஏட்டில் எழுதிக்கொண்டது. அதன் பிறகு வந்த தொற்று நோய்கள் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. அந்தக் காட்டின் பருவங்களுக்கு அவர்கள் மொழியில் பெயர் இருந்திருக்கும் அல்லவா? ரயிலில் வந்திறங்கிய ஜப்பானியக் குடியானவனுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டிருந்த காட்டுக்கு அவன் மறுபடியும் முதலிலிருந்து பெயர் வைக்க வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நம் கதையின் முக்கியமான மனிதர் வருகிறார். பெயர் ஸாட்டோ நென்புக்கு. 1898-ஆம் ஆண்டு நீகாட்டா மாகாணத்தில் பிறந்தவர். நீகாட்டா என்றால் பனி. வீட்டுக் கூரையை மூடும்படி பனி கொட்டுகிற பிரதேசம். அவருடைய குரு டக்கஹாமா கியோஷி. அந்தக் காலத்து ஹைக்கூ உலகில் கியோஷி சக்கரவர்த்திபோல் இருந்தார், நாவலும் எழுதினார். ஹைக்கூவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துப் புத்துயிர் ஊட்டிய மஸவோக்கா ஷிக்கியின் சீடர் அவர். ஹொட்டொட்டொகிஸு என்ற பத்திரிகையை நடத்தினார். கண்ணால் கண்டதைக் கண்டபடி தீட்டு, பூவையும் பறவையையும் பாடு, பருவத்தை விடாதே என்பது அவருடைய உபதேசம்.

1927-ஆம் ஆண்டு நென்புக்கு பிரேஸிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியனுப்பும்போது குரு ஒரு ஹைக்கூ எழுதிக் கொடுத்தார். நிலம் திருத்தப் போகிற சீடன் அங்கே கவிதைக்கும் ஒரு நாடு திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. எழுதிக் கொடுக்கிறவருக்கு அது பதினேழு ஒலி. வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது ஆயுள் முழுவதற்கும் கடன். நென்புக்கு அந்தக் கடனைக் கடைசி வரைக்கும் அடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் அலியான்ஸா. 1924-ஆம் ஆண்டு ஜப்பானியர் காட்டை வாங்கித் திருத்தத் தொடங்கிய குடியேற்றம். அங்கே ஒரு குடியானவனுடைய வருஷம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் கவிஞனுடைய சங்கடம் நமக்குப் புரியும்.

வறட்சி தொடங்கியதும் மரம் வெட்டுவார்கள். முதலில் கொடிகளையும் புதரையும் அரிவாளால் கழிக்க வேண்டும். பிறகு கோடாலி. ஒரு பெரிய மரம் சாயும்போது கொடியால் பிணைந்த மற்ற மரங்களையும் இழுத்துக்கொண்டு சாயும். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெட்டிய காடு வெயிலில் இரண்டு மூன்று மாதம் காயும். ஆகஸ்டு, செப்டம்பரில் தீ வைப்பார்கள். முதல் மழைக்கு முந்தி எரித்தாக வேண்டும். மழை முந்திக்கொண்டு ஈரமரம் சரியாக எரியாமல் போனால் ஒரு வருஷத்துப் பாடு வீண். தீ வைத்த அன்றைக்குப் பகலிலேயே வானம் இருண்டு போகும். சூரியன் செம்புத் தட்டுப்போல் தொங்கும். எரிந்த பிறகு கரிக்கட்டைகளுக்கு நடுவே குழி தோண்டிக் காப்பி விதை ஊன்றுவார்கள். ஊடுபயிராகச் சோளமும் நெல்லும் அவரையும் போடுவார்கள். காப்பி பலன் கொடுக்க நாலு வருஷம் ஆகும். அதுவரை ஊடுபயிர்தான் சோறு.

இப்போது பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். ஜப்பானிலும் வசந்தத்தின் தொடக்கத்தில் புல்மேட்டுக்குத் தீ வைப்பது வழக்கம். ‘மலை எரிப்பு’ என்பது அங்கே ஒரு வசந்தச் சொல். புது இளம்புல் வருவதற்காக வைக்கிற தீ அது. பிரேஸிலிலும் காட்டெரிப்பு குளிர் முடிந்து வசந்தம் பிறக்கும் தறுவாயில்தான் வருகிறது. மாதந்தான் வேறு. ஆகவே சொல் அப்படியே பொருந்திவிட்டது என்று மேலுக்குத் தோன்றும். ஆனால் புல்லை எரிப்பதும் நூற்றாண்டு கண்ட பெரோபா மரத்தை எரிப்பதும் ஒன்றா? சொல் பழையது, அதற்குள் இருந்த நெருப்பு புதியது.

உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கவிதையில் அது குளிர்காலத்தின் அழகு. விடியற்காலையில் புல் நுனியில் வெள்ளிபோல் மின்னும், பார்த்து ரசிக்கலாம். காப்பிக் குடியானவனுக்கு அது யமன். 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸான் பாவுலோவில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகிப் போயின. 1975-ஆம் ஆண்டு ஜூலையில் விழுந்த உறைபனி அடுத்த மாகாணமான பரானாவின் காப்பியையே துடைத்துவிட்டது. சாயங்காலம் காற்று நின்று, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருந்தால் வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிவதே பயம். உறைபனி என்ற அதே சொல்லை எழுதுகிறபோது அந்தக் கவிஞனுடைய கை நடுங்கியிருக்கும். வாசிக்கிறவன் டோக்கியோவில் உட்கார்ந்திருந்தால் அந்த நடுக்கம் அவனுக்குத் தெரியாது. அதே காட்டில் பக்கத்து நிலத்துக்காரனாக இருந்தால் தெரியும். கவிதைக்கு ஒரு நாடு என்று குரு சொன்னது இதைத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் ஒரே மாதிரி நெஞ்சு பதறுகிற நாலு பேர் இருந்தால் அதுதான் கவிதையின் நாடு.

புதிய சொற்களும் பிறந்தன. முதல் மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காப்பித் தோட்டம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். செர்ரிப் பூவுக்காக ஏங்கிய கண்களுக்கு அந்த மூன்று நாள் வெள்ளை எப்படி இருந்திருக்கும்! காப்பிப்பூ ஒரு பருவச் சொல் ஆயிற்று. இப்பே என்கிற மரம் வறட்சியின் உச்சத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, உடம்பு முழுவதும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் உறவுக்கார மரம் ஒன்றை நம் நகரங்களிலும் சாலையோரத்தில் வைத்திருக்கிறார்கள். வசந்தராணி என்று பெயர். இப்பேயும் பருவச் சொல் ஆயிற்று. நாட்டுக்காரர் சொன்ன பெயரை அப்படியே ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் மொழியில் இதற்குப் பெயர் இல்லையே என்று வெட்கப்படவில்லை. பூ வந்த வழியிலேயே பெயரும் வந்தது.

நென்புக்கு வயலில் உழைத்தபடியே, பிறகு ஊர் ஊராகச் சுற்றி, குடியானவர்களைக் கூட்டி வைத்து ஹைக்கூ சொல்லிக்கொடுத்தார். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கையில் இரவில் பேனாவைக் கொடுத்தார்.

இதற்கிடையில் குருவுக்கும் உஷ்ணப் பிரதேசத்தைப் பார்க்கிற வாய்ப்பு வந்தது. 1936-ஆம் ஆண்டு கியோஷி ஹக்கோனே மாரு என்ற கப்பலில் ஐரோப்பாவுக்குப் பிரயாணமானார். நாவலாசிரியர் யொக்கோமிட்சு ரீச்சியும் அதே கப்பலில் இருந்தார். சிங்கப்பூர் முதலிய துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு கப்பல் போயிற்று. சுள்ளென்று வெயில், திடீரென்று கொட்டும் மழை, காணாத பழங்கள், காணாத மரங்கள். இவற்றுக்கும் ஹைக்கூவில் இடம் கொடுக்க வேண்டும் என்று கியோஷி விரும்பினார். நியாயமான ஆசை. ஆனால் எந்தப் பருவத்தில் வைப்பது? உஷ்ணப் பிரதேசத்தில் எப்போதும் வெப்பந்தானே, எல்லாவற்றையும் கோடையில் சேர்த்துவிடலாம் என்று தீர்மானித்தார். அவருடைய பருவச் சொல் நூலின் 1940-ஆம் ஆண்டுப் பதிப்பில் உஷ்ணப் பிரதேசச் சொற்கள் ஏறின.

கப்பல் தட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த மலேயாவில் அதே வருஷம் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால், எப்போது மரம் இலையுதிர்க்கும், எப்போது பால் குறையும், எந்த மாதத்து மழை வேலையைக் கெடுத்துக் கூலியைக் கெடுக்கும் என்று விரல் விட்டுச் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் பருவம் இருந்தது. அதைக் கூலிக்காரன் அறிவான், பிரயாணி அறியமாட்டான்.

கியோஷியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு முறை மேற்கு மலையில் ஒரு சிநேகிதர் வீட்டில் பத்து நாள் தங்கினேன். சுற்றிலும் காடு. ஒரு கதையை முடித்துவிடலாம் என்று போனவன், காட்டைக் கண்டதும் கவிஞனாகி நோட்டுப் புத்தகத்தை நிரப்பினேன். ஊருக்குத் திரும்பிப் படித்துப் பார்த்தால் அதில் தென்றல் இருந்தது, மல்லிகை இருந்தது, பௌர்ணமி நிலவு இருந்தது. அந்தப் பத்து நாளும் பெய்த மழை இல்லை. நிலவே தெரியவில்லை. தினம் என் காலில் ஏறி ரத்தம் குடித்த அட்டை ஒரு வரியில்கூட இல்லை. நான் காட்டுக்குப் போகவே இல்லை. என்னுடைய பழைய வார்த்தைகளை மலைமேல் கொண்டுபோய்க் காற்றாட விட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அந்த உஷ்ணப் பிரதேசச் சொற்களின் ஆயுள் அற்பமாக முடிந்தது. அவை நூலில் ஏறிய காலம், ஜப்பானிய ராணுவம் தெற்கு நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை அறுத்து ரயில் போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அந்தக் காட்டில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். போர் தோற்றது. 1951-ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பிலிருந்து அந்தச் சொற்களைக் கியோஷி நீக்கிவிட்டார். சாம்ராஜ்யத்தோடு வந்த சொற்கள் சாம்ராஜ்யத்தோடு போயின.

பிரேஸில் காட்டுச் சொற்களுக்கும் சோதனை வராமல் இல்லை. 1938-ஆம் ஆண்டு நாட்டுப்புறத்தில் அந்நிய மொழிப் பள்ளிகளைப் பிரேஸில் சர்க்கார் மூடிற்று. 1941-ல் ஜப்பானியப் பத்திரிகைகள் நின்று போயின. 1942 ஜனவரியில் இரு தேசங்களுக்கும் உறவு முறிந்தது. பொது இடத்தில் ஜப்பானிய மொழி பேசுவதே குற்றம் என்றாயிற்று. நாலு பேர் கூடி ஹைக்கூ படிப்பது எப்படி? போர் முடிந்ததும் அதைவிடப் பெரிய துன்பம் வந்தது. செய்தி சரியாக எட்டாத காட்டில், ஜப்பான் தோற்கவே இல்லை என்று நம்பியவர்கள் ஒரு கட்சி. தோற்றதை ஒப்புக்கொண்டவர்கள் ஒரு கட்சி. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் சொந்த ஜனங்களே ஒருவரை ஒருவர் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதுவும் பழைய கண்ணால் பார்ப்பதன் கொடுமைதான். ஊரைப் பற்றி மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த சித்திரத்தைக் கலைக்க மனம் வராதவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள்.

அந்தப் புகை அடங்கியும் அடங்காமலும் இருக்கையில், 1948-ஆம் ஆண்டு, நென்புக்கு ஒரு ஹைக்கூப் பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘கொக்காகே’. மர நிழல் என்று அர்த்தம். சொந்த நாடு தோற்றுப்போன, திரும்பிப் போக வழியில்லாத மனிதர்களுக்கு, நிற்பதற்கு ஒரு மர நிழல். இதைவிட நல்ல பெயர் வேறு என்ன இருக்க முடியும்? 1979-ஆம் ஆண்டு அவர் பிரேஸிலிலேயே காலமானார்.

அவருடைய சீடர்களில் ஒருவர் மஸூடா கோகா. 1911-ஆம் ஆண்டு பிறந்து 1929-ல் பிரேஸிலுக்கு வந்தவர். போர்த்துகீஸிய மொழியில் ஹைக்கூ எழுதுவது அந்த நாட்டில் முன்பே இருந்தது. பிரெஞ்சு வழியாக அதைக் கற்ற பிரேஸில் கவிஞர்கள் பருவத்தைப் பொருட்படுத்தவில்லை; சிலர் எதுகை சேர்த்துத் தலைப்பும் வைத்தார்கள். கோகா பருவச் சொல்லைப் போர்த்துகீஸியத்துக்குள் கொண்டுவந்தார். 1987-ஆம் ஆண்டு ஸான் பாவுலோவில் நண்பர்களோடு ஒரு ஹைக்கூச் சங்கம் நிறுவினார். அதற்கு இப்பே மரத்தின் பெயரையே சூட்டினார்கள். 1996-ஆம் ஆண்டு அவரும் அவருடைய மருமகள் முறையான கவிஞர் டெருக்கோ ஓடாவும் சேர்ந்து, பிரேஸில் பருவச் சொற்களைத் தொகுத்துப் போர்த்துகீஸிய மொழியில் நூல் வெளியிட்டார்கள். அந்தப் பஞ்சாங்கம் இப்போது அந்த நாட்டாருக்கே சொந்தம். ஜப்பானிய மொழி அறியாதவர்களும் அதைப் பிரித்துப் பார்த்துக் கவிதை எழுதுகிறார்கள்.

கப்பல் தட்டில் பிறந்த சொற்கள் பதினோரு வருஷம் வாழ்ந்தன. கோடாலியும் மண்வெட்டியும் பெற்றெடுத்த சொற்கள் மொழி மாறியும் வாழ்கின்றன. உஷ்ணப் பிரதேசம் என்றால் எப்போதும் கோடைதான் என்று எண்ணியது வந்துபோனவன் கணக்கு. உறைபனிக்கு அஞ்சி விழித்திருந்தவனுக்கும் முதல் மழைக்கு முந்தித் தீ வைக்க ஓடியவனுக்கும் அங்கே பருவங்கள் இருந்தன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன நம் பாட்டனும் புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. விதைத்துக் கெட்டு, மறுபடி விதைத்துப் பிழைத்துச் சொன்னான்.

இதோடு நான் முடித்துவிட்டால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை பாதிதான் சொன்னதாகும்.

இவ்வளவு சொற்களைக் கொடுத்த காடு இன்றைக்கு எங்கே? மேற்கு ஸான் பாவுலோவில் அது துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் பெரோபா நின்ற இடத்தில் கரும்பும் மேய்ச்சல் புல்லும் பரந்து கிடக்கின்றன. பல தேசத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் காட்டை அழித்தார்கள். அவர்களில் இந்தக் கவிஞர்களும் உண்டு. காட்டெரிப்பைப் பற்றி உருகி எழுதியவன் கையில்தான் அந்தத் தீப்பெட்டி இருந்தது. வேறு வழி அவனுக்கு இல்லை; பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். இருந்தாலும் அவன் எழுதினான். மரம் சாய்ந்ததை எழுதினான், புகையை எழுதினான், சிவந்த சூரியனை எழுதினான். தான் அழித்ததை அழகுபடுத்தி மறைக்காமல், நாளும் பொழுதும் குறித்து வைத்தான். அந்தப் பாட்டுகளில் மரம் இன்னும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. கணக்குப் பிள்ளை ஏட்டில் எழுதின சாட்சியைவிட அது நம்பத்தகுந்த சாட்சி என்பது என் கட்சி. அவனுக்கு முந்தி அங்கே இருந்த காயிங்காங் ஜனங்களின் சொற்களுக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிட்டவில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஜூன் 18-ந் தேதியை இப்போதும் பிரேஸிலில் ஜப்பானியக் குடியேற்ற நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது ஜப்பானில் மழைக்காலம்; அங்கே குளிர்காலம். வற்றிய அருவியைப் பார்த்த அந்த முதல் மனிதர் அன்றைக்கே பஞ்சாங்கத்தைத் திருப்பி வைத்துவிட்டார். தையை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவன் அதை எறிய வேண்டியதில்லை; பூட்டி வைக்கவும் வேண்டியதில்லை. புது மண்ணில் முதல் விளைச்சலைக் கையில் அள்ளுகிற நாளில் அவன் அந்த மூட்டையை அவிழ்க்கட்டும். அது எந்த மாதமாக இருந்தால் என்ன? அவனுக்கு அன்றைக்குத்தான் தை.